மணலில் அகரம் எழுதிய சீகன்பால்கு

தமிழுக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டார் யார் என்று கேட்டால் நம்மில் பலர் வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப் என்று மூன்று பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் நான் கற்றதும் அவ்வளவே. ஆனால், இம்மூவருக்கும் முன்னரே தமிழ் மண்ணில் வந்திறங்கி, 36 வயதுக்குள் வாழ்வை முடித்துக்கொண்ட ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்கு.

அவரை ஒரு தமிழறிஞர் என்று மட்டும் அறிமுகப்படுத்தி இக்கட்டுரையை எழுதிவிடலாம். அப்படிப் பலர் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால், அவர் தமிழ் கற்றது தமிழறிஞர் ஆவதற்காக அன்று. அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கை அவரைத் தமிழுக்கு இழுத்து வந்தது. சமய நம்பிக்கை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அணிந்துகொள்ளும் வெள்ளைச் சட்டையா, அல்லது திங்கட்கிழமை காலையில் நாம் என்ன செய்கிறோம் என்பதையும் அது தீர்மானிக்குமா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே அவர் வாழ்வைச் சொல்ல விரும்புகிறேன். கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், அந்நம்பிக்கைகள் எவை என்பதையும் ஆங்காங்கே எளிமையாகச் சொல்லிச் செல்கிறேன்.

கண்ணீர் படிந்த வேதப்புத்தகம்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் அவர் இழந்தார். இறக்கும் தறுவாயில் இருந்த அவருடைய தாய், பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தான் அவர்களுக்கு ஒரு பெரிய செல்வத்தை விட்டுப்போவதாகச் சொன்னாராம். அது வேதப்புத்தகம். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் தம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் அந்தத் தாய் சொன்னார் என்பது அவர் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்தி.

வளர்ந்த பின் கோர்லிட்ஸ், பெர்லின் ஆகிய ஊர்களில் பயின்று, ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு பேராசிரியராக இருந்தவர் பிராங்கே. அவர் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளியும் அநாதை இல்லமும் நடத்தியவர். விசுவாசம் உண்மையானது என்றால் அது கையிலும் காலிலும் தெரிய வேண்டும் என்பது அங்கு ஊட்டப்பட்ட பாடம். ஆனால், சீகன்பால்குவின் உடல் ஒத்துழைக்கவில்லை. அடிக்கடி நோய் வந்தது. படிப்பை முடிக்க இயலாமல் இடையிலேயே வெளியேறினார்.

அந்த நோயாளி இளைஞரைத் தேடித்தான் அழைப்பு வந்தது. சோழமண்டலக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ்காரர்களின் வாணிகத் தளமாக இருந்தது. அங்குள்ள மக்களிடையே பணியாற்ற ஆள் அனுப்ப டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் முடிவு செய்தார். சீகன்பால்குவும் அவருடைய நண்பர் புளுட்சோவும் 1705ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் கோபன்ஹேகனில் கப்பலேறினர். தரங்கம்பாடியை அடைந்தது 1706 ஜூலை 9. ஏழு மாதத்துக்கும் மேலான கடற்பயணம்.

நம் ஜொகூர் வரலாற்றோடு ஒப்பிட்டால் காலம் எளிதில் விளங்கும். கோத்தா திங்கியில் சுல்தான் மாமூட் கொல்லப்பட்டது 1699ஆம் ஆண்டில். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, நம் முன்னோர் பலருக்கு ஊராக இருந்த தஞ்சைச் சீமையின் கரையில் இந்த ஜெர்மானியர் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. நம்மில் பலருடைய வயதுதான்.

மணலில் உட்கார்ந்த ஐயர்

மன்னர் அனுப்பியவர் என்பதால் தடபுடலான வரவேற்பு கிடைத்திருக்கும் என்று எண்ணலாம். நடந்தது வேறு. தரங்கம்பாடிக் கோட்டையின் தலைவராக இருந்த ஹாசியஸ் இவர்களை விரும்பவில்லை. வாணிகம் செய்ய வந்த இடத்தில் போதகர்கள் தொல்லை தருவார்கள் என்று அவர் கருதினார்.

சீகன்பால்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. கடற்கரை ஊர்களில் ஓரளவு புழங்கிய போர்த்துகீசிய மொழியைக் கற்று, அதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். அல்லது, மக்கள் பேசும் தமிழைக் கற்கலாம். இருவரும் போர்த்துகீசியம் கற்கத்தான் தொடங்கினர். ஆனால், அது போதாது என்று விரைவில் கண்டுகொண்ட சீகன்பால்கு தமிழின் பக்கம் திரும்பினார். கற்பிக்க அச்சிட்ட இலக்கணப் புத்தகம் அவர் கைக்குக் கிட்டவில்லை. ஆகவே, வயது முதிர்ந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொன்னார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதினர். அவர்கள் நடுவே இவரும் சம்மணமிட்டு உட்கார்ந்து, மணலில் அகரம் எழுதிப் பழகினார்.

கிறிஸ்தவத்தின் மைய நம்பிக்கை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கடவுள் தொலைவில் இருந்துகொண்டு கட்டளை மட்டும் அனுப்பவில்லை. அவரே மனிதனாகப் பிறந்து, ஒரு சிற்றூரில் தச்சர் வீட்டில் வளர்ந்து, அம்மக்களின் மொழியைப் பேசினார் என்பதே அது. இயேசுவின் பிறப்பை நாம் கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடும் அதிரசத்தோடும் கொண்டாடிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த நம்பிக்கையை உண்மையாகவே எடுத்துக்கொண்டவன் என்ன செய்வான்? அவனும் இறங்கித்தான் போவான். பல்கலைக்கழகம் பார்த்த ஓர் ஐரோப்பியர் ஆறு வயதுப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பேச்சுமொழிக்கு அவருக்கு உதவியவர் அழகப்பன் என்ற தமிழர். போர்த்துகீசியம், டேனிஷ் முதலிய மொழிகள் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். பிறகு சீகன்பால்கு இலக்கியத் தமிழுக்குள் நுழைந்தார். அவருடைய ஒரு நாளை அவரே கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலை 7 மணி முதல் 8 மணி வரை முன்பு கற்ற சொற்களைத் திரும்பச் சொல்லுவார். 8 முதல் நண்பகல் 12 வரை இதுவரை தொடாத தமிழ்ச்சுவடிகளைப் படிப்பார். பக்கத்தில் ஒரு முதிய புலவர் பொருள் சொல்ல, எழுத்தர் ஒருவர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். மாலையிலும் படிப்பு தொடரும். இரவில் கண்கள் களைத்துப்போவதால் ஒருவர் படிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் விழித்திருக்கும் நமக்கு இந்த நேர அட்டவணை கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கும்.

கொன்றைவேந்தன் ஜெர்மன் மொழியில்

இந்த உழைப்பின் பலன் இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 1708இல் தாம் திரட்டிய ஓலைச்சுவடிகளுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்தார்.

தமிழ்ப்பள்ளியில் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் செய்யுள் பகுதியில் மனனம் செய்து, ஆசிரியர் முன் கையைக் கட்டிக்கொண்டு ஒப்புவித்தவர்கள் நாம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு எனக்குத் தமிழ் என்பது பள்ளி முடிந்த பின் நடக்கும் கூடுதல் வகுப்பாகச் சுருங்கிப்போனது. அந்தச் செய்யுள்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு உரியவை என்று நானும் ஒதுக்கி வைத்திருந்தேன். 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அவற்றைத் தம் நாட்டு அறிஞர்கள் படிக்க வேண்டியவை என்று கருதினார் என்று அறிந்தபோது, உலகநீதியை மீண்டும் ஒருமுறை எடுத்துப் படித்தேன்.

தமிழர்களைப் பற்றித் தாமும் முதலில் தாழ்வாகவே எண்ணியிருந்ததாகவும், அவர்களின் நூல்களைப் படித்த பின் அந்த எண்ணம் மாறியதாகவும் சீகன்பால்கு எழுதியிருக்கிறார். இவர்களிடம் ஒழுங்கான சட்டமும் நீதிநெறியும் கல்வியும் உண்டு என்று ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னார். மனிதர் எல்லாரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்பது வேதாகமத்தின் முதல் பக்கத்திலேயே வரும் போதனை. அதை நம்புகிறவன், வேறு நாட்டாரிடமும் வேறு சமயத்தாரிடமும் அறிவையும் அறத்தையும் காணும்போது வியப்படையலாமே தவிர, மறுக்க முடியாது.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடக்க காலத்தில் ஒரு கோயிலின் அருகே இருந்த மண்ணுருவங்கள் சிலவற்றை அவர் தள்ளி உடைத்தார். பிறர் வணங்கும் இடத்தில் கைவைத்த அச்செயலை ஒரு கிறிஸ்தவ வாசகர் என்ற முறையில் நான் நியாயப்படுத்த மாட்டேன். அன்று அங்கிருந்த தமிழாசிரியர் ஒருவர் ஆத்திரப்படாமல் அவ்வுருவங்களின் பொருளை அவருக்கு விளக்கினார். பின்னாளில் அவர் உடைப்பதை விட்டுக் கேட்கத் தொடங்கினார். அவரும் உடன்பணியாளர் கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய 99 கடிதங்களை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினர். குடியிலும் ஒழுக்கக்கேட்டிலும் மூழ்கிய ஐரோப்பியரைக் கண்டித்து அக்கடிதங்களில் தமிழர்கள் எழுதியதையும் அவர்கள் மறைக்கவில்லை. பாவம் என்பது ஓர் இனத்துக்கு மட்டும் உரியது அன்று, எல்லா மனிதரையும் பற்றியிருக்கிறது என்ற போதனை தம் சொந்த நாட்டாரையும் சேர்த்தே சுடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் விரிவான ஒரு நூலை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். பேராசிரியர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். வேற்றுச் சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவருடைய எண்ணம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

பள்ளியும் சிறையும்

1707 மே மாதத்தில் அவரிடம் முதன்முதலில் திருமுழுக்குப் பெற்றவர்கள் டேனிஷ்காரர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர். எசமானர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதே காலத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். கடவுளின் வார்த்தையை ஒவ்வொருவரும் தாமே படித்தறிய வேண்டும் என்பது அவருடைய சபையின் அடிப்படை நம்பிக்கை. அதன்படி பார்த்தால் எழுத்தறிவு என்பது ஆண்களுக்கோ உயர்ந்த குடியினருக்கோ மட்டும் உரியதாக இருக்க முடியாதல்லவா?

ஆயினும், அந்த நம்பிக்கையைத் திருச்சபை எப்போதும் காப்பாற்றவில்லை. அவருக்குப் பின்வந்த காலத்தில் தரங்கம்பாடி ஆலயத்திலேயே சாதி பார்த்துத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. போதனை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது உட்காரும் பாய்வரை வந்து சேர வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

1708இல் ஓர் ஏழைத் தமிழ் விதவையின் கடன் வழக்கு வந்தது. அவளுக்கு நீதி கிடைக்கவில்லை என்று சீகன்பால்கு பரிந்து பேசினார். தம் அதிகாரத்தில் தலையிடுவதாகச் சினந்த ஹாசியஸ், அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். நவம்பர் மாதம் தொடங்கிய சிறைவாசம் ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடித்தது. உள்ளே இருந்தபடியே நூல்கள் எழுதினார். வெளியே வந்தவர் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். குற்றமற்ற இயேசு பிறருக்காகச் சிலுவையில் துன்புற்றார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறோம். அந்தச் சிலுவையைக் கழுத்தில் அணிவது எளிது. முன்பின் தெரியாத ஒரு விதவைக்காகச் சிறைக்குப் போவது எளிதன்று.

ஈயமும் தாளும்

சிறைக்குப் போவதற்குச் சற்று முன்பு, 1708 அக்டோபரில், புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கியிருந்தார். 1711 மார்ச் மாதம் முடித்தார். அதை அச்சிடுவது எப்படி? தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கத்தோடு தொடங்கியது உண்மைதான்; ஆனால், அந்தப் பணி நெடுங்காலம் தொடரவில்லை. லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தனர். உடன் வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே இறந்துபோனார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது.

தமிழ் எழுத்துகள் ஹாலேவில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை பெரிதாக இருந்தன. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் தாள் போதாது. ஆகவே, பக்கத்து ஊரான பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கியே அவ்வெழுத்துகள் செய்யப்பட்டன என்று சொல்லப்படுகிறது. நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714இல் அச்சாயின. முழுப் புதிய ஏற்பாடும் 1715இல் வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் முதன்முதலில் அச்சான புதிய ஏற்பாடு தமிழில்தான். நான் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக்கூட்டக் கற்றேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட என் பாட்டிக்கோ தமிழ் வேதாகமம்தான் வாசிப்புப் புத்தகம். அவரைப் போன்றோர் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். மலேசியாவில் இன்று இயங்கும் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் தமிழகத்திலிருந்து இங்கு வந்த தமிழ் லுத்தரன்களிடமிருந்தே தோன்றியது.

முடியாமல் நின்ற வேலை

1714இன் இறுதியில் சீகன்பால்கு ஐரோப்பா சென்றார். உடன் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் போனார். அங்கு மரியா டோரோத்தியாவை மணந்தார். அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேவில் அச்சாயிற்று. அதே ஆண்டில் மனைவியோடு தரங்கம்பாடி திரும்பினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது.

கடைசி அடி வெளியிலிருந்து வரவில்லை, தம்மவரிடமிருந்தே வந்தது. கோபன்ஹேகனில் பணித்துறைச் செயலாளராக இருந்த வெண்ட் என்பவர், கட்டடமும் பள்ளியும் குடும்பமும் போதகர்களுக்கு எதற்கு, கையில் ஒன்றுமின்றி ஊர் ஊராகப் போகவேண்டியதுதானே என்று கண்டித்து எழுதினார். ஏற்கெனவே நோயுற்றிருந்த சீகன்பால்குவை அக்கடிதங்கள் பெரிதும் வருத்தின. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் இறந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்போது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் என்ற நூலோடு நின்றிருந்தது. ரூத்து வேற்று நாட்டுப் பெண். மாமியாரின் மக்களையே தன் மக்களாக ஏற்றுக்கொண்டு, அவர்கள் ஊருக்கே போய்ச் சேர்ந்தவள். தமிழரிடையே வந்து வாழ்ந்த ஒருவரின் பேனா அந்த இடத்தில் நின்றது தற்செயல்தான். ஆனாலும் மனத்தைத் தொடுகிறது. எஞ்சியதைப் பின்வந்த சூல்ச் என்பவர் முடித்தார். மரணத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, இயேசு உயிர்த்தெழுந்தார், நாமும் எழுவோம் என்பது கிறிஸ்தவ நம்பிக்கைகளின் உச்சம். அந்த நம்பிக்கை உள்ளவன் தன் ஆயுளுக்குள் முடியாத வேலையையும் துணிந்து தொடங்கலாம். தன் பெயர் போட்டு முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு இல்லை.

தமிழனாக இருந்துகொண்டு எப்படிக் கிறிஸ்தவனாக இருக்கிறாய், அது வெள்ளைக்காரன் மதம் அல்லவா என்று பல்கலைக்கழக நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. கேட்பவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். சீகன்பால்குவின் வாழ்வை ஒட்டி என் பதில் இதுதான். அவர் தம் நம்பிக்கையைத் தமிழர்மேல் ஜெர்மன் மொழியில் திணிக்கவில்லை. அதைத் தமிழில் சொல்லும்வரை தாம் சொன்னதாகவே அவர் கருதவில்லை. தமிழை விட்டுவிட்டு வரவேண்டிய இடமாக இருந்திருந்தால், அவர் மணலில் உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை.

நண்பர்களே, நாம் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் ஆகுக. நம் நம்பிக்கை நம் நேர அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்போம். அது காலை 7 மணிக்கு நம்மை எழுப்பி ஒரு வேலையில் உட்கார வைக்கிறதா? நம்மைவிட எளியவர் பக்கத்தில் தரையில் உட்கார வைக்கிறதா? அவருக்காகப் பேச வைக்கிறதா? 36 ஆண்டுகளே வாழ்ந்த அந்த நோயாளி மனிதருக்கு அது இம்மூன்றையும் செய்தது. அதனால் தமிழும் வாழ்ந்தது.